காம்போதியும் கொலஸ்ரோலும்

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் ஒரு மண்டபம். பாடகர் காம்போதியை எடுத்திருந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள்போல் எடுத்த எடுப்பில் உச்சிக்கு ஓடாமல், பஞ்சமத்தில் ஒருதரம் இருந்து இளைப்பாறி, தைவதத்துக்கு வந்து, அங்கே நின்றபடி மேல் ஷட்ஜத்தை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் இருமல் கூட இல்லை. அந்த இடத்தில்தான் என் தோளை ஒரு விரல் தட்டியது.

திரும்பினேன். பின்வரிசையிலிருந்து ஒரு போன் நீண்டு வந்தது. திரையில் ஒரு லிப்பிட் ரிப்போட். அதை இரண்டு விரலால் பெரிதாக்கியும் காட்டினார் மனுஷன்.

"டொக்டர், குறை நினைக்காதேங்கோ. எல்.டி.எல். நூற்றி அறுபத்தெட்டு. இது கூடத்தானே?"

கூடத்தான். அதைச் சொல்லி, நெய்யைக் குறைக்கச் சொல்லி, "நடக்கிறனீங்களோ" என்று கேட்டு, அவர் நடக்காததற்குச் சொன்ன முழங்கால் காரணத்தையும் கேட்டுவிட்டு முன்னுக்குத் திரும்பினால், பாடகர் ஷட்ஜத்தைத் தொட்டு, அங்கே ஆடி, இறங்கி வந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். மண்டபம் முழுக்க "ஆகா" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கிடைத்த காம்போதி நூற்றி அறுபத்தெட்டு.

இன்றைக்கு வியாழக்கிழமை. கோபம் இன்னும் இறங்கவில்லை.

மருத்துவமும் சங்கீதமும் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று ஒரு நண்பர் நெடுநாளாக அரித்துக்கொண்டிருக்கிறார். மருத்துவர்களுக்குள் இத்தனை பேர் சங்கீதப் பைத்தியங்களாக இருப்பதற்கு ஓர் ஆழமான காரணம் இருக்கிறது. அது தற்செயல் இல்லை. அந்தக் காரணத்தைத்தான் இங்கே விளக்கப்போகிறேன். அதற்கு முன் இந்த ரிப்போட் விவகாரத்தை இரண்டு வரியில் பேசி முடித்துவிடுகிறேன்; மனதில் வைத்துக்கொண்டு எழுதினால் கை நடுங்குகிறது.

என் டிஸ்பென்சரி முகத்துவாரத்தில். களனி கங்கை கடலில் விழும் ஊர். ஜன்னலைத் திறந்தால் மீன்பிடித் துறைமுகத்து வாசம் வரும், மூடினால் டெட்டோல் வாசம். வருகிறவர்கள் கடலுக்குப் போகிறவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், கொட்டாஞ்சேனைக் கடைகளில் நாள் முழுக்க நிற்கிறவர்கள். "டொக்டரய்யா, இடுப்பு பிடிச்சிக்கிச்சு, ஊசி ஒண்ணு போட்டு விடுங்க" என்பார்கள். ஊசி தேவையில்லை என்றால் முகம் சுருங்கும். அடுத்த தெருவில் ஊசி போடுகிறவரிடம் போவார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் ஒன்று. வேலை முடிந்து கடற்கரைப் பக்கம் நடக்கும்போது என்னைக் கண்டால், "என்னா டொக்டரய்யா, நடையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நடு ரோட்டில் யாரும் நாக்கை நீட்டியதில்லை. மாதா கோயில் திருநாளில் பக்கத்தில் முழங்காலில் நிற்கிறவரோ, காளி கோயிலில் உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே நிற்கிறவரோ, சீனி எவ்வளவு இருக்கலாம் என்று என்னைக் கேட்டதில்லை.

கேட்பதெல்லாம் கொழும்பின் தென் முனையில்தான். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று நகரத்தை நெடுக்காகக் கடந்து, வியர்த்து வழிந்து வெள்ளவத்தைக்குக் கச்சேரி கேட்கப் போகிறேன். அங்கே போய் இறங்கியதும் என் காதுகளைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு ஸ்டெதஸ்கோப்பை மாட்டிவிடுகிறார்கள். படித்தவர்கள், ஓய்வுபெற்ற கணக்காளர்கள், பொறியியலாளர்கள், அதிபர்கள். எல்லாருக்கும் ஒழுங்காகச் சனல் பண்ணிப் பார்க்க வசதி இருக்கிறது. சனல் பண்ணியும் இருப்பார்கள். பெரிய ஸ்பெஷலிஸ்ட் சொன்னது சரிதானா என்று பார்க்கத்தான் என்னிடம் வருகிறார்கள். நான் அப்பீல் கோர்ட். கட்டணம் இல்லாத அப்பீல் கோர்ட்.

கச்சேரிக்கு ஒரு முறை உண்டு. முதலில் வர்ணம், பிறகு கிருதிகள், நடுவில் பெரிய உருப்படி, தனி, கடைசியில் துக்கடா, மங்களம். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் ஒழுங்குபடுத்தி வைத்த வரிசை என்று சொல்வார்கள். என் நோயாளிகளுக்கும் அதே வரிசை உண்டு. அதை ஒழுங்குபடுத்தியவர் யார் என்றுதான் பிடிபடவில்லை.

வர்ணத்தில் வருகிறவர்கள் பண்பானவர்கள். "டொக்டர், எப்படிச் சுகம்?" என்று தொடங்குவார்கள். நான் "சுகம்" என்று சொன்னதும், "எனக்குத்தான் சுகமில்லை" என்பார்கள். என் சுகத்தைக் கேட்டது தம்பூராவுக்குச் சுருதி சேர்த்ததுபோல. வர்ணம் சின்ன உருப்படி என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே முன்பாதியில் வருத்தத்தையும், சரணத்தில் குடும்ப வரலாற்றையும் முடித்து, சிட்டைசுரத்துக்குள் துண்டு கேட்டுவிடுவார்கள். கச்சேரி அழைப்பிதழின் பின்பக்கத்தில் மருந்து எழுதித் தரச்சொன்னவர்கள் உண்டு. முன்பக்கத்தில் விநாயகர்.

கிருதியில் குளிசைக்காரர்கள். "ஒரு வெள்ளைக் குளிசை டொக்டர், சின்னன், நடுவில ஒரு கோடு. அதைச் சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ?" உலகத்தில் பாதிக் குளிசை வெள்ளை, பாதிக்கு மேல் சின்னன், கோடில்லாதது எது? பெயர் கேட்டால் "ஏதோ 'இன்' என்று முடியும்" என்பார்கள். மெற்ஃபோமினா, அம்லோடிப்பினா, அஸ்பிரினா? முதலாவதைச் சாப்பாட்டோடு எடுக்கவேண்டும். இரண்டாவதை எப்போதும் எடுக்கலாம். மூன்றாவதை வெறும் வயிற்றில் எடுத்தால் வயிறு எரியும். மூன்றையும் விளக்கி முடிக்கும்போது அனுபல்லவி போய்விடும். பிறகுதான் அவர் சொல்வார், அது தனக்கு இல்லை, தங்கச்சிக்கு, தங்கச்சி வவுனியாவில்.

ஆலாபனையில் நடப்பதைச் சொல்லிவிட்டேன். மறுபடி சொன்னால் எனக்கே பிறஷர் ஏறும்.

நிரவல் தம்பதிகளுக்கு உரியது. மனைவி என் பக்கம் சாய்ந்து, "இவருக்குச் சொல்லுங்கோ டொக்டர், தேத்தண்ணிக்குச் சீனி போடக்கூடாதெண்டு" என்பார். நான் சொல்வேன். அவர் காதில் ஏறாது. உடனே மனைவி அதே வரியை எடுத்து, "தேத்தண்ணிக்கு, சீனி, போடவே கூடாதெண்டு" என்று கொஞ்சம் இழுப்பார். பிறகு "சீனியே கூடாதெண்டு டொக்டர் சொல்லுறார்" என்று மேல் ஸ்தாயிக்குப் போவார். மேடையில் ஒரு வரியைப் பத்து விதமாகப் பாடுகிறார் ஒருவர். இங்கே மூன்றாம் வரிசையில் பன்னிரண்டாவது விதம் நடக்கிறது. கணவர் அமைதியாகக் கடைசிச் சொல்லில் வந்து சேர்வார்: "ஒரு கரண்டிதானே."

இனித் தனி ஆவர்த்தனம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும், ஏனென்றால் தனிக்கு எழுந்து போவது நம்முடைய இனத்தின் தேசிய வழக்கம். மிருதங்கக்காரர் ஏழு வயதில் தொடங்கி, விரல் தடித்து, தோல் உரிந்து, உரிந்த இடத்தில் மறுபடி தடித்து, வாழ்க்கை முழுக்கச் சாதகம் செய்திருப்பார். அவருக்கென்று கச்சேரியில் கிடைப்பது அந்தக் கொஞ்ச நேரம். பாடகர் கையைக் காட்டி "வாசியுங்கோ" என்று சொல்வதுதான் தாமதம், மண்டபத்தில் பாதி எழும்பும். யாழ்ப்பாணத்தில் தெட்சணாமூர்த்தி தவிலைத் தூக்கினால் ஊரே வீதியில் விடிய விடிய நின்று கேட்டது என்று என் தகப்பன் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். அப்படி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது பற்றிஸ் தேடி வெளியே போகிறார்கள்.

நான் போவதில்லை. எனக்குத் தனி பிடிக்கும். ஆனால் ஒருவர் வந்து கையைப் பிடிப்பார்: "டொக்டர், இப்ப தனிதானே, ஒருக்கா வெளியில வாங்கோவன்." தனி என்றால் எனக்கு வேலை இல்லாத நேரம் என்பது அவர் கணிப்பு. வெளியே போனால் அங்கே கிளினிக் நடக்க ஆயத்தம். ஒரு கையில் ரோல்ஸ், மறு கையில் பிளேன்ரீ, அக்குளில் ரிப்போட் போட்ட சொப்பிங் பை. முன்பெல்லாம் ரிப்போட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள். இப்போது போன வருடத்து எக்ஸ்ரே உட்பட முழுக் கோப்போடுதான் கச்சேரிக்கு வருகிறார்கள். அந்த எக்ஸ்ரேயை மண்டபத்து மின்விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கச் சொல்வார்கள். தூக்கிப் பார்த்தால், விளக்கைச் சுற்றிப் பறக்கிற பூச்சியும் நுரையீரலில் தெரியும்.

ஒருதரம் ஓர் அம்மா கைப்பையிலிருந்து பிறஷர் மெஷினையே எடுத்தார். மின்கலம் போட்டது, கையில் சுற்றுகிறது. இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது ஐயா. ஐந்து நிமிஷம் பேசாமல் கதிரையில் இருக்கவேண்டும். முதுகு சாய்ந்திருக்கவேண்டும். காலுக்குமேல் கால் போடக்கூடாது. கை நெஞ்சு மட்டத்தில் இருக்கவேண்டும். அதற்கு முந்திய அரை மணித்தியாலத்துக்குள் தேத்தண்ணி கோப்பி குடித்திருக்கக்கூடாது. அந்த அம்மா நின்றபடி, தேத்தண்ணி குடித்தபடி, மருமகளைப் பற்றிப் பேசியபடி கையை நீட்டினார். மெஷின் நூற்றி எழுபத்திரண்டு என்றது. "பாத்தீங்களே" என்றார், மருமகளைப் பற்றித் தான் சொன்னதை மெஷினே ஒத்துக்கொண்டதுபோல.

சரி, நாடியையாவது பார்ப்போம் என்று ஒருவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். உள்ளே மிருதங்கம் ஆதி தாளத்தில் திஸ்ர நடைக்குப் போய்விட்டிருந்தது. ஒரு விரலின் கீழே இவருடைய இதயம், காதில் அந்தக் கணக்கு. இரண்டும் ஒன்றையொன்று முந்திப் பின்வாங்கி ஓடுகின்றன. எனக்கு அது பரம சுகமாக இருந்தது, கண்ணை மூடினேன். அவ்வளவுதான், மனுஷனுக்கு வியர்த்துவிட்டது. "என்ன டொக்டர், கண்ணை மூடுறியள்? ஏதும் சீரியஸோ?" அதற்குள் பக்கத்தில் நின்றவர் அவருக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார், இன்னொருவர் அழைப்பிதழால் விசிறினார், மூன்றாமவர் "எனக்கும் இப்பிடித்தான் தொடங்கினது" என்று தன் பைபாஸ் கதையை ஆரம்பித்தார். கோர்வை மூன்றாவது முறை வந்து சமத்தில் விழுந்தது. கைதட்டல் வெளியே கேட்டது. என்னால் கைதட்ட முடியவில்லை. கையில் இன்னொருவருடைய கை இருந்தது.

துக்கடாவில் வெளிநாடு வந்துவிடும். "மகன் ஸ்காபுரோவில இருந்து லைனில நிக்கிறான், ஒரு சொல்லுக் கதையுங்கோ டொக்டர்." அங்கே காலை. பிள்ளை நித்திரைத் தூக்கத்தில் "அப்பாட கிரியேட்டினின் எப்படி அங்கிள்" என்று கேட்பான். பின்னணியில் ராகமாலிகை.

மங்களத்தில் வருகிறவர்கள்மேல் மட்டும் எனக்குக் கோபப்பட முடியவில்லை. எல்லாரும் செருப்புத் தேடும் நேரத்தில், மாலை முழுக்க ஒன்றும் கேட்காமல் இருந்த ஒருவர் மெல்ல அருகில் வருவார். ஒரு காலில் செருப்பு. "ஒண்டுமில்லை டொக்டர், மாடிப்படி ஏறேக்க நெஞ்சுக்குள்ள ஒரு அடைப்பு மாதிரி. நிண்டா போயிடும்." அறையை விட்டுப் போகும்போது கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு சொல்வதுதான் நோயாளியின் உண்மையான வருத்தம் என்று எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். லிப்பிட் ரிப்போட்காரர் சத்தமாகக் கேட்பார். நெஞ்சு நோகிறவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு கேட்பார். அவரை நாளைக்கு என்று விட முடியாது. பிடித்து ஓட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்பவேண்டும். அப்படி அனுப்பியும் இருக்கிறேன். ஆகவே கச்சேரிக்கே போகாமல் விடுவோம் என்று முடிவு கட்டவும் முடியவில்லை.

இரண்டு வரி என்றேன். பரவாயில்லை.

கேட்கிறவர்களைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நாற்பது வருஷப் பழக்கம் கண்ணை விட்டுப் போகாது. நாதஸ்வரக்காரர் நீளமாக ஒரு சுரத்தை நிறுத்தினால் எல்லாரும் மெய்மறப்பார்கள். நான் அவருடைய கழுத்து நரம்பு எவ்வளவு உயரத்துக்கு எழும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வயலின்காரருக்கு இடது தோளில் நோ இருக்கிறது என்பது அவருக்குத் தெரிவதற்கு முன் எனக்குத் தெரியும். பாடகருக்குக் காலையில் குரல் கட்டுகிறது, அடிக்கடி தொண்டையைச் செருமவேண்டியிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் தொண்டையில் இல்லை, இரவு பத்தரைக்குச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறதில் இருக்கிறது. வயிற்று அமிலம் மேலே வருகிறது. இதை எந்த வித்துவானும் நம்பியதில்லை. எல்லாரும் பனங்கற்கண்டை நம்புகிறார்கள்.

தாளமும் அப்படித்தான். இதயத்துக்கு மூன்றாவது ஒலி ஒன்று கேட்கத் தொடங்கினால், இதயம் களைத்துப்போயிருக்கலாம் என்று அர்த்தம். அந்தத் தாளத்தை மாணவர்களுக்குப் பழக்க உலகம் முழுக்க 'கென்டக்கி' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நான்காவது ஒலிக்கு 'டெனசி'. இரண்டும் அமெரிக்க மாநிலங்கள். கென்டக்கியை வரைபடத்தில் கூடக் காணாத நாங்கள் கின்சி வீதி மருத்துவ பீடத்தில் இருந்து அதை மனப்பாடம் பண்ணினோம். 'தகிட' என்று சொல்லியிருந்தால் என்ன கெட்டுவிடும்? வெங்கபாக் என்ற டச்சுக்காரர் கண்டுசொன்ன ஒரு கோளாறு உண்டு: மேலறையிலிருந்து கீழறைக்குச் சேதி போக ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தி, கடைசியில் ஒரு துடிப்பே விழாமல் போய், மறுபடி ஒழுங்காகத் தொடங்கும். கணக்குத் தெரிந்த மிருதங்கப் பையன் ஒருவனுக்கு இதை ஒரு நிமிஷத்தில் விளங்கப்படுத்தலாம். கணக்கே இல்லாமல் தாறுமாறாகத் துடிக்கிற இதயமும் உண்டு. அதற்குத் தாளம் போட முயன்று தோற்கிறபோதுதான் அது என்ன வருத்தம் என்று பிடிபடும்.

இந்த இடத்தில் அந்த ஆழமான காரணத்துக்கு வருகிறேன். லியோபோல்ட் அவுன்புருகர் என்று வியன்னாவில் ஒரு மருத்துவர். 1722இல் கிராட்ஸில் பிறந்தவர், தகப்பன் விடுதிக்காரர். பீப்பாயில் எவ்வளவு இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதைக் கண்டு வளர்ந்தவர் என்பார்கள். நெஞ்சைத் தட்டி உள்ளே நீரா காற்றா என்று காதால் கண்டுபிடிக்கும் முறையை 1761இல் புத்தகமாகப் போட்டார். நெடுங்காலம் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு அதே மனுஷன் 1781இல் சாலியேரி இசையமைத்த ஒரு நாடகத்துக்குப் பாட்டும் வசனமும் எழுதினார். கதாநாயகன் புகைக்கூண்டு துப்புரவு செய்கிறவன். ஸ்டெதஸ்கோப்பை 1816இல் கண்டுபிடித்த லென்னெக் புல்லாங்குழல் வாசித்தவர். ஆகக் காது பழகியவர்களுக்குத்தான் நெஞ்சுக்குள் இருப்பது கேட்டிருக்கிறது என்று நிறுவலாம். நிறுவியும் முடித்துவிடுவேன். அதற்குள் இந்தக் காலத்து வியாதி ஒன்று குறுக்கே வருகிறது, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ராக சிகிச்சை. நாள் தவறாமல் எனக்கு வட்ஸ்அப்பில் வருகிறது. ஆனந்தபைரவி கேட்டால் இரத்த அழுத்தம் குறையுமாம். இன்னொரு ராகத்துக்குச் சீனி குறையுமாம். அனுப்புகிறவர் எஞ்சினியர். நான் திருப்பிக் கேட்பதுண்டு: காலையில் எத்தனை நிமிஷம், இரவில் எத்தனை நிமிஷம், ஆலாபனையோடா இல்லாமலா, லொசாட்டனோடு சேர்த்துக் கேட்கலாமா? பதில் வராது, கூப்பிய கை வரும். அமைதியாக இருந்து பிடித்த பாட்டைக் கேட்டால் மனசு ஆறும், அப்போது பிறஷரும் கொஞ்சம் இறங்கும்; அது பைரவிக்கும் பொருந்தும், பைலாவுக்கும் பொருந்தும். குளிசையை நிறுத்திவிட்டு ராகம் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரை நான் பிறகு வார்டில்தான் கண்டேன். ஆனந்தபைரவி அழகான ராகம். அதைக் குளிசைப் போத்தலுக்குள் போட்டு மூடியைத் திருகாதேங்கோ.

விஷயத்துக்கு வருவோம். உண்மையில் இரண்டையும் சுமந்தவர் என்றால் ஸ்ரீபாத பினாகபாணிதான். 1913 ஆகஸ்ட் 3 அன்று ஸ்ரீகாகுளம் பக்கத்தில் பிறந்தார். விசாகப்பட்டினத்தில் மருத்துவம் படித்தார். கர்நூல் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். வீணை தனம்மாளின் சங்கீதத்தில் கரைந்தவர். வார்டையும் விடாமல் வோலேட்டி வெங்கடேஸ்வரலு, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி என்று பெரிய பெரிய பாடகர்களை உருவாக்கினார். கிருதிகளைச் சுரப்படுத்தி மொத்தமான புத்தகங்களாகப் போட்டார். 1983இல் சங்கீத கலாநிதி, மறு வருஷம் பத்மபூஷண். 2013 மார்ச் 11 அன்று காலமானபோது நூறுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அவருடைய சீடர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம்: அந்த மனுஷன் கச்சேரிக்குப் போனால் தெலுங்குக்காரர் ரிப்போட் நீட்டமாட்டார்களா? நீட்டியிருந்தால் இவ்வளவு வேலை செய்திருக்க முடியாது. தெலுங்கு நாட்டின்மேல் எனக்கு மரியாதை கூடியது அப்படித்தான்.

மற்ற வழியில் போனவர் நம்மட ஆள். வயலின் எல். சுப்பிரமணியம். சின்ன வயசு யாழ்ப்பாணத்தில். தகப்பனார் லட்சுமிநாராயணா அங்கே சங்கீத ஆசிரியர். 1958 கலவரத்தோடு குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. இந்த நாடு அனுப்பிவைத்த எத்தனையோ பொருள்களில் அந்த வயலின் பெட்டிகளும் அடக்கம். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, வைத்தியராகப் பதிவும் செய்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு வில்லை எடுத்தார். அமெரிக்கா போய் மேற்கத்திய சங்கீதமும் படித்தார். 'சலாம் பாம்பே' படத்துக்கு இசை அவருடையதுதான். 2025இல் பத்மவிபூஷண். வெள்ளவத்தையில் ஒருதரம் கச்சேரி கேட்கப் போயிருப்பார், அதற்குப் பிறகு எடுத்த முடிவாக இருக்கும் என்பது என் ஊகம். ஆதாரம் ஒன்றும் இல்லை.

பொரடின் என்ற ருஷ்யக்காரரும் மருத்துவம் படித்தவர், இரசாயனப் பேராசிரியர். வேலை நாளெல்லாம் ஆய்வுகூடம், மீந்த நேரம் சங்கீதம். உடம்புக்கு முடியாமல் வீட்டில் கிடந்தால்தான் எழுத நேரம் கிடைக்கும் என்பதால், கூட்டாளிகள் அவருக்கு வருத்தம் வரவேண்டும் என்றுதான் வாழ்த்துவார்களாம். 'இளவரசர் ஈகோர்' ஒப்பேராவைப் பதினெட்டு வருஷம் எழுதியும் முடிக்காமல் 1887இல் செத்துப்போனார். ரிம்ஸ்கி கோர்சகோவும் கிளாசுனோவும்தான் முடித்துவைத்தார்கள். என் பக்கத்தில் அப்படி வாழ்த்துகிற கூட்டாளி ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் நான் சுகமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ரிப்போட்டை யாரிடம் காட்டுவது?

இனிச் சொல்லப்போவதுதான் உண்மையில் என் வயிற்றெரிச்சல். கச்சேரிக்குப் போனால் சுற்றிப் பாருங்கள். எல்லாத் தலையும் வெள்ளை; வார்டு ரவுண்டு போகிற உணர்வு எனக்கு வருவதில் பிழையில்லை. பிள்ளைகள் எங்கே? அதே ஞாயிற்றுக்கிழமை, அதே நேரம், இரண்டு ஒழுங்கை தள்ளி உயிரியல் டியூஷன் வகுப்பில். அங்கே இருக்க இடமில்லை, நிற்கிறார்கள். ஐந்து வயதில் சங்கீத வகுப்பு, வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை, தரம் தரமாகச் சேட்டிபிக்கட், எல்லாம் ஓ.எல். மட்டும். ஏ.எல். பயோ என்றதும் வயலின் அலுமாரிக்கு மேலே போகும். "கம்பஸ் கிடைச்ச பிறகு வாசிக்கலாம் பிள்ளை." கம்பஸ் கிடைத்தபின் இன்டர்ன்ஷிப். அதற்குப் பிறகு லண்டன். வயலின் அலுமாரிக்கு மேலேயே இருக்கும். என்னிடம் வருகிற ஒரு பெண்பிள்ளையை எனக்குத் தெரியும். பதினாலு வயதில் அவள் வாசித்த சகானாவைக் கேட்டுவிட்டு நான் மூன்று நாள் பேசாமல் திரிந்தேன். இப்போது டியூஷனும் முதுகு நோவும். தாய் சொல்கிறார், "நீங்கள் ரெண்டையும் செய்யிறியள்தானே டொக்டர், அவளும் செய்வாள்." நான் இரண்டையும் செய்யவில்லை அம்மா. ஒன்றைச் செய்கிறேன், மற்றதைக் கேட்க முயல்கிறேன், அதையும் விடுகிறார்கள் இல்லை. பினாகபாணி நூறு வருஷத்தில் ஒருவர் வருவார். அவரைக் காட்டிப் பிள்ளையின் கையிலிருந்து வில்லைப் பறிக்கிறது அநியாயம். டொக்டருக்குச் சங்கீதம் தெரிந்தால் பெருமையாம். பாடகருக்கு வேறு உத்தியோகம் இல்லாவிட்டால் பெண் கொடுக்க யோசிப்பார்களாம். இந்தக் கணக்கில் சங்கீதம் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆழமான காரணத்தை எழுதத்தான் பேனையைத் திரும்ப எடுத்தேன். போன் அதிர்ந்தது. யாரோ ஒருவரின் சலப் பரிசோதனை ரிப்போட், பக்கவாட்டில் எடுத்த படம், ஒரு மூலையில் கட்டைவிரல். கீழே, "சும்மா ஒருக்காப் பாருங்கோ." பார்த்தேன். கிருமி இருக்கிறது. பதில் எழுதினேன்.

ஆகையால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை வாழ் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்பென்சரி முகத்துவாரத்தில், திங்கள் முதல் சனி வரை, பின்னேரம் ஐந்திலிருந்து எட்டரை வரை. நேரே கொட்டாஞ்சேனைக்கு பஸ் இருக்கிறது, அங்கிருந்து ஓட்டோ. ரிப்போட், எக்ஸ்ரே, வெள்ளைக் குளிசை எல்லாம் கொண்டுவாருங்கள். நம்பர் எடுக்கவேண்டும், மீன்காரருக்குப் பின்னால் வரிசையில் இருக்கவேண்டும். நெஞ்சு நோகிறவர்கள் எங்கேயும் எப்போதும் தட்டலாம். மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பூட்டு.